பனிவீட்டுக்குள் விளக்கு ஏற்றினால் வீடு உருகாதா?

24 நவம்பர் 2024, இரவு 10.40

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகளுக்கு எட்டு வயது. ராத்திரி படுக்கும்போது தொடர்கதை மாதிரி ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கனடாவின் வடகோடியில் ஓர் இனுயிட் பையன் (துருவப் பகுதிப் பழங்குடி). அப்பாவோடு சீல் வேட்டைக்குப் போன இடத்தில் கடல்பனி பிளந்து, அவன் நின்ற துண்டு மட்டும் தனியாக மிதந்து போய்விடுகிறது. கையில் ஒரு கத்தி, ஒரு ஈட்டி. கூட ஒரு நாய். மூன்று நாள் மிதந்து ஆளில்லாத கரையில் ஒதுங்குகிறான். இன்றைக்குப் பனிக்கட்டிகளை வெட்டி அடுக்கி இக்லூ கட்டினான், உள்ளே விளக்கு ஏற்றினான், கதகதப்பாகத் தூங்கினான் என்று முடிக்கப்போன நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பனியில கட்டுன வீடுப்பா. உள்ள விளக்கு வச்சா உருகாதா?"

உருகாது என்றேன். ஏன் என்றாள். நாளைக்குச் சொல்கிறேன், தூங்கு என்றேன். ஏன் உருகாது?

25 நவம்பர் 2024, காலை 6.50

உருகும். நான் அவளிடம் சொன்னதுதான் தப்பு.

உள்சுவர் லேசாக உருகும். அந்த ஈரத்தைச் சுவரின் பனியே உறிஞ்சிக்கொள்ளும். வெளிக்குளிரில் அது திரும்ப உறைந்து, சுண்ணாம்பு பூசித் தேய்த்த சுவர் மாதிரி மேலே ஒரு கண்ணாடிப் படலம் வந்துவிடும். வீடு முன்னைவிடக் கெட்டியாகிறது. கூரை குவிந்திருப்பதால் மிஞ்சிய நீரும் தலையில் சொட்டாமல் சுவரோடு வழிந்து இறங்கும்.

இன்னொரு தப்பும் உண்டு. "பனிக்கட்டியை வெட்டினான்" என்று சொல்லியிருந்தேன். தண்ணீர் உறைந்த கட்டி உதவாது. காற்று அடித்து அடித்து இறுக்கிவைத்த பனிதான் வேண்டும். அதற்குள் காற்று சிக்கிக்கிடப்பதால்தான் அது போர்வை மாதிரி வேலை செய்கிறது. எங்கே பனி சரியாக இறுகியிருக்கிறது என்று ஒரு குச்சியைக் குத்திப் பார்த்துத்தான் இடத்தையே முடிவு செய்வார்கள். கட்டுகிறவர் உள்ளே நின்றுகொண்டு, காலடியிலிருந்தே பனியை வெட்டி, சுருள் ஏறுகிற மாதிரி அடுக்கிக்கொண்டே போவார். வாசல் தாழ்வாக, படுக்கிற மேடை உயரமாக இருக்கும். குளிர்காற்று கீழேயே தங்கிவிடும். கூரையில் மூச்சுக்கு ஒரு துளை.

வெளியே மைனஸ் 40 இருக்கும்போது உள்ளே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அது ஒரு கதகதப்பா என்று கேட்காதீர்கள். நாற்பது டிகிரி வித்தியாசம் என்றால் சித்திரை வெயிலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் உள்ள வித்தியாசம்.

25 நவம்பர் 2024, இரவு 11.05

கீழே திருத்தங்கள் வரிசையாக வந்து விழுந்திருக்கின்றன. எல்லாம் சரிதான்.

ஒன்று, பையனுக்கு "நானுக்" என்று பெயர் வைத்திருந்தேன். அதற்குப் பனிக்கரடி என்று அர்த்தமாம். மகளிடம் சொன்னதும் கரடியே கதாநாயகன் ஆகட்டும் என்கிறாள். இப்போதைக்குப் பையனுக்குப் பெயர் இல்லை.

இரண்டு, "இக்லூ" என்றால் அவர்கள் மொழியில் வீடு, அவ்வளவுதான். கல்வீடும் இக்லூ, மரவீடும் இக்லூ. எல்லா இனுயிட்டும் வருஷம் முழுக்கப் பனிவீட்டில் இருந்ததும் இல்லை. கோடையில் தோல் கூடாரம், கிரீன்லாந்தில் கல்லும் புல்மண்ணும் சேர்த்துக் கட்டிய வீடு. இப்போது எல்லாரையும்போல ஹீட்டர் வைத்த வீடு.

மூன்று, நான் கீழே ஒரு பதிலில் "இனுயிட்கள்" என்று எழுதியது "மக்கள்கள்" என்று எழுதிய மாதிரி. இனுயிட் என்றாலே மக்கள். ஒருவர் என்றால் இனுக். நம் பாடப்புத்தகத்து "எஸ்கிமோ" அங்கே பலருக்குப் பிடிக்காத சொல்.

நான்காவதுதான் என்னைச் சாய்த்துவிட்டது. ஒருவர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: கையில் கத்தியும் ஈட்டியும்தானே இருந்தது, விளக்கு எங்கிருந்து வந்தது?

பதில் இல்லை. விளக்கு என்று சொன்னபோது என் மனதில் இருந்தது அகல்விளக்கு. அங்கே அது கல்லில் குடைந்த அரைநிலாத் தட்டு. பெயர் குல்லிக். எரிவது சீல் கொழுப்பு. திரி, துருவப் பஞ்சும் பாசியும் சேர்த்துத் திரித்தது. மிதக்கும் பனித்துண்டில் எவன் அதைத் தூக்கிக்கொண்டு நிற்பான்?

28 நவம்பர் 2024, இரவு 9.30

"அவர்களுக்கு ரத்தத்திலேயே குளிர் தாங்கும் சக்தி உண்டு, விளக்கு இல்லாவிட்டாலும் பையன் பிழைத்துக்கொள்வான்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். கொஞ்சம் என் கதையைக் கேளுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தேன். குளிர் அறையில் பெட்டி எண்ணுகிற வேலை. உள்ளே மைனஸ் 20, கதவைத் திறந்தால் வெளியே முப்பத்தைந்து. போட்டுக்கொள்ள ஒரு ஜாக்கெட் கொடுத்தார்கள். அதில் வலது அக்குளில் தையல் விட்டிருந்தது. மூன்று தடவை கேட்டும் மாற்றித் தரவில்லை. ஒரு விரல் நுழைகிற ஓட்டைதான், ஆனால் கையைத் தூக்கும்போதெல்லாம் அந்த வழியாகக் குளிர் உள்ளே வந்து விலாவில் உட்கார்ந்துகொள்ளும். உடம்பு முழுக்கப் பஞ்சுக்குள் இருக்கிறது, நினைப்பு முழுக்க அந்த ஓட்டையில் இருக்கிறது.

முதல் வாரம் சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று பரபரவென்று வேலை பார்த்தேன். வயசான ஓர் அண்ணாச்சி பிடித்து நிறுத்தினார். "தம்பி, இதுக்குள்ள ஓடக் கூடாது. வேர்த்துட்டுன்னா அப்புறம் அந்த வேர்வைதான் ஒங்களக் கொல்லும்." நான் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயந்தரம் ஈர பனியன் முதுகில் தகரம் மாதிரி விறைத்துக்கொண்டது. இரண்டு விரல் நுனிகளுக்கு ராத்திரிதான் உணர்வு வந்தது.

அண்ணாச்சி சொன்னதைத்தான் துருவத்திலும் முதல் பாடமாகச் சொல்கிறார்கள். கரிபூ மான் தோலில் இரண்டு அடுக்கு உடை. உள் உடுப்பின் மயிர் உடம்பைப் பார்த்து, வெளி உடுப்பின் மயிர் வெளியே பார்த்து. அந்த மானின் மயிர் ஒவ்வொன்றும் உள்ளே பொள்ளல், காற்று அடைபட்டிருக்கும். முன்பக்கம் திறப்பே கிடையாது, தலைவழியாகத்தான் போட வேண்டும். தொளதொள என்று இருக்கும். வேர்க்கிற மாதிரி இருந்தால் தலைமூடியைத் தள்ளிவிட்டு, கழுத்தை இழுத்துச் சூட்டை வெளியே விட வேண்டும், நடையைக் குறைக்க வேண்டும். வீட்டுக்குள் நுழையுமுன் உடையில் ஒட்டிய பனியை ஒரு கட்டையால் தட்டித் தட்டி உதிர்க்க வேண்டும். உதிர்க்காமல் போனால் உள்ளே உருகி ஈரமாகி, மறுநாள் என் பனியன் கதைதான்.

இதில் ரத்தம் எங்கே இருக்கிறது? தோலும் பழக்கமும்தான் இருக்கிறது.

28 நவம்பர் 2024, இரவு 9.55

சரி, கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன். ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கிறது. கிரீன்லாந்து இனுயிட்டின் மரபணுவை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடல்விலங்குக் கொழுப்பைத் தின்று வாழ்ந்ததில், கொழுப்பு அமிலங்களை உடம்பு கையாளும் விதத்தில் மாற்றம் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது சாப்பாட்டைச் செரிக்கத்தான். சட்டை போடாமல் பனியில் நிற்பதற்கு அல்ல.

2 டிசம்பர் 2024, இரவு 10.20

இன்று கதையில் பையன் சறுக்கி விழுந்து தோள்பட்டையில் உடை கிழிகிறது. குளிர் உள்ளே வருகிறது (எங்கே கிடைத்த அனுபவம் என்று தெரியும்). மகள் கேட்டாள்: "இப்ப யாரு தச்சுக் குடுப்பா? அந்தச் சட்டைய மொதல்ல யாரு தச்சது?"

பக்கத்துக் கட்டிலில் என் அம்மா. முப்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தவர். (ரவிக்கை ஜாக்கெட். என் ஓட்டை ஜாக்கெட்டையும் கடைசியில் அம்மாதான் தைத்தார், அது வேறு விஷயம்.) "ஏட்டி, நல்ல கேள்வி கேட்ட. ஒங்கப்பன் கதையில சட்டை மரத்துல காய்க்கும்" என்றார்.

அப்புறம் இரண்டு பேரையும் தூங்கவிடாமல் இந்தத் தையலைப் பற்றிப் படித்துச் சொன்னேன். தண்ணீர் புகாத காலணிக்கு, சீல் தோல் இரண்டை ஒட்டவைத்து, ஊசியை ஒரு தோலின் பாதிக் கனம் வரைக்கும்தான் ஏற்றி வளைத்து எடுப்பார்கள். மறுபடி திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் ஒரு வரிசை. எந்த ஊசித்துளையும் தோலைத் தாண்டி அந்தப் பக்கம் போகாது. நூல், மானின் முதுகுத் தசைநார். நனைந்தால் உப்பிக்கொண்டு துளையை அடைத்துவிடும். ஊசி எலும்பிலோ தந்தத்திலோ செய்தது, பிற்பாடு இரும்பு. விறைத்த தோலைப் பெண்கள் பல்லால் மென்று மென்று இளக்குவார்கள். கிழவிகளின் பல் ஈறுவரை தேய்ந்துபோகும்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புடவைக்கு ஃபால்ஸ் வைக்கிறதுதான அது. வெளிய தெரியாம ஒரு இழைய மட்டும் எடுக்கணும். தோலுல அப்படி எடுக்கணும்னா அது என்ன கையா இருக்கணும்" என்றார்.

எனக்கு இதில் உறைத்தது வேறு. நான் சொல்லிக்கொண்டிருந்த கதையில் ஈட்டி பிடித்தவன் வீரன். அவன் ஈட்டி பிடிக்கிற கை விறைக்காமல் இருப்பதற்கு ஒரு கையுறை, அந்தக் கையுறைக்கு ஒரு தையல், அந்தத் தையல் பனிக்காலத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். மயிர் சரியான நீளத்தில் இருக்கும் இலையுதிர்காலத் தோல்தான் உடைக்கு ஆகும். எவ்வளவு பெரிய வேட்டைக்காரனாக இருந்தாலும் வீட்டில் தைக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் அந்த வருஷம் அவன் வெளியே கால் வைக்க முடியாது. இதையெல்லாம் விட்டுவிட்டு என்ன சாகசக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்?

2 டிசம்பர் 2024, இரவு 11.10

தூக்கம் வரவில்லை, இதையும் போட்டுவிடுகிறேன். 1845இல் ஃபிராங்க்ளின் என்ற ஆங்கிலேயர் 128 பேரோடு, இரண்டு பெரிய கப்பல்களில் வடமேற்குப் பாதையை (கனடாவின் வடக்கே அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் கடல்வழி) தேடிப் போனார். கிங் வில்லியம் தீவின் பக்கம் கப்பல்கள் பனியில் மாட்டின. ஒருவர்கூடத் திரும்பவில்லை. அதே தீவில் 1903 முதல் 1905 வரை நார்வேக்காரர் அமுண்ட்சன் ஆறு துணையாட்களோடு சின்னப் படகில் போய் இரண்டு குளிர்காலம் தங்கினார். அங்கிருந்த நெட்சிலிக் இனுயிட்டிடம் தோலுடை போடவும் நாய்வண்டி ஓட்டவும் படித்துக்கொண்டார். பின்னால் தென்துருவத்துக்கும் அதே பாணி உடையோடுதான் போனார்.

நெட்சிலிக் பற்றி ஒரு கொசுறு: மரம் கிடைக்காத ஊர் என்பதால் மீனைத் தோலில் சுருட்டி உறையவைத்து அதையே வண்டிச் சட்டமாக்குவார்கள். பஞ்சம் வந்தால் வண்டியைத் தின்னலாம்.

3 டிசம்பர் 2024, காலை 7.15

கதையைத் திருத்தியாயிற்று. பனித்துண்டோடு சேர்ந்து சறுக்குவண்டியும் போகிறது. வண்டியில் பையனின் அக்கா இருக்கிறாள், பதினான்கு வயது. அவளிடம் ஊசிக்கூடு, அரைவட்டக் கத்தி, அம்மாவின் சின்ன விளக்கு. விளக்குக் கேள்வி கேட்டவர் இப்போது திருப்திதானே?

அப்பாவைக் கூப்பிட என்ன சொல்வார்கள் என்று மகள் கேட்டாள். "அத்தாத்தா". அம்மாவுக்கு "அனானா". அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, காலையிலிருந்து என்னை அத்தாத்தா என்றுதான் கூப்பிடுகிறாள். உடனே யாரும் குமரிக்கண்டத்திலிருந்து படகு எடுத்துக் கிளம்ப வேண்டாம். குழந்தை வாயில் முதலில் வருகிற சத்தம் எந்த ஊரிலும் அப்படித்தான்.

5 டிசம்பர் 2024, மதியம் 1.40

பனிக்கு நூறு சொல் இருக்கிறது என்று எழுதியவருக்கு: எண்ணுவதே வீண். நம்மைப் போல, நம்மைவிட அதிகமாக, ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்த்துப் போகிற மொழி. "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பதை ஒரு சொல் என்று கணக்கு வைத்தால் தமிழில் "வருகை"க்கு எத்தனை சொல் வரும்? விழுகிற பனி கனிக், தரையில் கிடக்கிற பனி அப்புட், அடியில் சர்க்கரை மாதிரி உதிரியாகக் கிடப்பது புகாக். புகாக்கில் வீடு கட்டினால் நிற்காது. இவ்வளவு கதைக்குப் போதும்.

9 டிசம்பர் 2024, இரவு 10.30

தைக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா, வேட்டை தெரியாத பெண் தனியாகப் பிழைப்பாளா, கதைக்காக நீட்டுகிறீர்கள் என்று ஒருவர். கதை வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

அடா பிளாக்ஜாக். அலாஸ்காவின் இனுப்பியாட் பெண். சின்ன வயதிலேயே நோம் நகரத்தில் மிஷனரிகளிடம் வளர்ந்தவர். எழுதப் படிக்க, சமைக்க, தைக்கக் கற்றுக்கொண்டார். வேட்டை தெரியாது, துப்பாக்கி தொட்டதில்லை, பனிக்கரடி என்றால் உதறல். கணவர் இல்லை. மகனுக்குக் காசநோய், வைத்தியத்துக்குப் பணம் இல்லை. சைபீரியாவுக்கு வடக்கே ராங்கல் தீவுக்கு நான்கு ஆண்கள் போகிறார்கள், தோலுடை தைக்க ஆள் வேண்டும், மாதம் ஐம்பது டாலர் என்றார்கள். கூட வருவதாக இருந்த மற்ற குடும்பங்கள் பின்வாங்கிவிட்டன. 23 வயதில் இவர் மட்டும் ஏறினார். 1921 செப்டம்பரில் தீவில் இறங்கினார்கள். அனுப்பிவைத்த ஸ்டெஃபான்சன், துருவம் நட்பான இடம், துப்பாக்கி தெரிந்தவன் அங்கே வாழ்ந்துவிடலாம் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தவர். அவர் தீவுக்குப் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உணவு ஆறு மாதத்துக்குத்தான். 1922இல் வர வேண்டிய கப்பலைப் பனி வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. 1923 ஜனவரியில் மூன்று பேர் உதவி தேடிக் கடல்பனிமேல் சைபீரியாவை நோக்கி நடந்தார்கள். அவர்களை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. மிஞ்சியது அடாவும், ஸ்கர்வி நோயில் (வைட்டமின் சி குறைவால் வருவது) படுத்துவிட்ட நைட் என்பவரும், விக் என்ற பூனையும்.

அடாதான் விறகு பொறுக்கினார், நரிக்குப் பொறி வைக்கத் தானே கற்றுக்கொண்டார், நோயாளியைப் பார்த்துக்கொண்டார், அவருடைய ஏச்சையும் வாங்கிக்கொண்டார். ஜூனில் நைட் இறந்தார். விலங்குகள் தொடாமல் இருக்க உடலைச் சுற்றிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு அடா வேறு கூடாரத்துக்கு மாறினார். துப்பாக்கி சுடப் பழகி சீல் அடித்தார். கரடி வருவதைத் தூரத்திலேயே பார்க்கக் கூடாரத்துக்கு மேலே ஒரு பரண் கட்டினார். படகு புயலில் போனபோது, ஒதுங்கிய மரத்தையும் கேன்வாஸ் துணியையும் வைத்து இன்னொன்று செய்தார். ஆகஸ்டில் கப்பல் வந்தபோது தைத்த தோலுடையோடு கரையில் நின்றிருந்தார். வந்த பணத்தில் மகனை சியாட்டிலுக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போனார். 1983 வரை வாழ்ந்தார்.

பிறவி ஞானம் என்று சொல்ல வாய்ப்பே இல்லாத ஆள். இருந்தது ஊசிபிடித்த கையும், ஒன்றைப் பார்த்து இன்னொன்றைக் கற்றுக்கொள்ளும் பொறுமையும், வீட்டில் ஒரு பிள்ளையும்.

10 டிசம்பர் 2024, காலை 8.00

கேட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து: பூனை பிழைத்தது. கப்பலில் கூடவே வந்தது.

இன்னொன்று. அடாவை "இனுயிட் பெண்" என்றே மகளிடம் சொல்லியிருந்தேன். இனுப்பியாட் என்பவர்கள் அலாஸ்கா பக்கத்து உறவினர். பெயரைப் பெயராகவே சொல்வதுதான் முறை.

ராங்கல் தீவில் சுமார் 4000 வருஷம் முன்புவரை மாமத் யானைகள் இருந்தன என்பதை மகளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். இப்போது கதையில் யானை வேண்டுமாம்.

16 டிசம்பர் 2024, இரவு 9.45

ஒரு வாரமாக ஒரு காட்சியைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். சீலைக் கொல்லாமல் இந்தக் கதை நகராது. கறி, விளக்குக்கு எண்ணெய், காலணிக்குத் தோல், எல்லாம் அதுதான்.

சீல் மூச்சுவிடக் கடல்பனியில் சின்னத் துளைகளை நகத்தால் சுரண்டித் திறந்தே வைத்திருக்கும். ஒன்று இரண்டல்ல, பல. எதில் வரும் என்று தெரியாது. நாய்தான் மோப்பம் பிடித்துக் காட்டும். வேட்டைக்காரர் காலுக்கடியில் ஒரு தோல்துண்டைப் போட்டுக்கொண்டு (சத்தம் கேட்டால் வராது), குனிந்த வாக்கில் மணிக்கணக்காக நிற்பார். துளையில் செருகிய மெல்லிய குச்சி அசைந்தால் சீல் வந்துவிட்டது. ஒரே குத்து.

இதில் பையனை இரண்டு ராத்திரி நிற்கவைத்தேன். முதல் ராத்திரி வரவில்லை. இரண்டாவது ராத்திரி குத்தினான். மகள் போர்வைக்குள் போய்விட்டாள். நாங்கள் மீன் சாப்பிடுகிற வீடுதான், மீனைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சீலுக்குக் கண்ணு பெருசா இருக்கும்ல என்றாள்.

அப்போதுதான் அந்தப் பழைய வழக்கத்தைச் சொன்னேன். அடித்த சீலை இழுத்து வந்ததும் அதன் வாயில் கொஞ்சம் நல்ல தண்ணீர் விடுவார்கள். உப்புக்கடலிலேயே கிடக்கும் பிராணி, நல்ல தண்ணீருக்குத் தவித்திருக்கும். தாகம் தீர்த்து அனுப்பினால் அதன் உயிர் திரும்ப வேறொரு சீலாக இவர்களிடமே வரும் என்று நம்பிக்கை.

போர்வைக்குள்ளிருந்து: "தண்ணி எப்படிக் கெடைச்சுச்சு? அக்கா விளக்குல பனிய உருக்குனாளா?"

ஆமாம் என்றேன். நான் அப்படி யோசித்தே இருக்கவில்லை. விளக்கு என்றால் வெளிச்சம், சூடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் பனியாக இருந்தும் குடிக்க ஒரு வாய் கிடையாது. அப்படியே தின்றால் உடம்புச் சூட்டைத்தான் தின்னும். தண்ணீரே அந்த விளக்கிலிருந்துதான் வர வேண்டும்.

கறியை ஏன் பச்சையாகத் தின்கிறார்கள் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: திமிங்கிலத்தின் தோலோடு சேர்ந்த கொழுப்புக்கு முக்துக் என்று பெயர், அதில் வைட்டமின் சி உண்டு. வேகவைத்தால் கொஞ்சம் போய்விடும். எலுமிச்சை இல்லாத ஊரில் ஸ்கர்வி வராமல் காத்தது இந்த மாதிரி புதுக்கறிதான். ஆனால் பனிக்கரடியின் ஈரலை மட்டும் தொட மாட்டார்கள். வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருப்பதால் அது விஷம். வைட்டமின் என்ற சொல் பிறக்கும் முன்பே அவர்களுக்குத் தெரியும்.

17 டிசம்பர் 2024, இரவு 8.50

அங்கேயும் பூச்சாண்டி உண்டு. பெயர் கல்லுப்பில்லுக். கடல்பனியின் விரிசலுக்கு அடியில் இருக்கும். பெரியவர்கள் இல்லாமல் விரிசல் பக்கம் வரும் பிள்ளைகளைப் பிடித்து, அம்மாக்கள் குழந்தையைச் சுமக்கும் முதுகுப்பை வைத்த உடுப்புக்குள் போட்டுக்கொண்டு போய்விடும். நம் பூச்சாண்டி சோறு சாப்பிடவைக்க மட்டும்தான் வருகிறான். இது உயிரைக் காப்பாற்றுகிற பூச்சாண்டி.

கதையின் முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் பையன் விரிசல் பக்கம் போயிருக்க மாட்டான். கதையும் இருந்திருக்காது.

27 டிசம்பர் 2024, இரவு 11.30

பத்து நாளாக எழுதவில்லை. கீழே ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தார்: எல்லாரும் இவர்களைப் பனியில் போராடவிட்டு வேடிக்கை பார்க்கிறீர்கள், 1953இல் அரசாங்கமே போராடவிட்டது தெரியுமா என்று. படித்தேன்.

கியூபெக்கின் வடக்கே இனுக்ஜுவாக் என்ற ஊரிலிருந்து சில குடும்பங்களைக் கனடா அரசு கப்பலில் ஏற்றி, சுமார் 2000 கிலோமீட்டர் வடக்கே ரெசொல்யூட், கிரைஸ் ஃபியோர்ட் என்ற இடங்களில் இறக்கியது. 1955இல் இன்னும் சிலரை. அங்கே வேட்டை நன்றாக இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பலாம் என்று சொன்னார்கள். திரும்ப அனுப்பவில்லை. எல்லோரும் ஒரே இடத்துக்குப் போகிறோம் என்று நினைத்துக் கிளம்பியவர்களைக் கப்பலில் வைத்துப் பிரித்தார்கள். அவர்கள் ஊரில் பனிக்காலத்திலும் தினம் சூரியன் வரும். புது ஊரில் மாதக்கணக்கில் வராது. மிருகம் வேறு, பனி வேறு, கடல் வேறு. தூர வடக்குக்குப் பழகிய பாண்ட் இன்லெட் குடும்பங்களையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகக் கூட அனுப்பினார்கள். அதாவது, இனுயிட் என்றால் எந்தப் பனியிலும் பிழைத்துக்கொள்வார்கள் என்பது பொய் என்று அனுப்பியவர்களுக்கே தெரிந்திருந்தது. அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்.

நவம்பர் 28இல் நான் ரத்தம் இல்லை, பழக்கம் என்று எழுதியபோது ஒரு வாதத்தில் ஜெயித்த சந்தோஷம்தான் இருந்தது. பழக்கம் என்றால் ஓர் இடத்தின் பழக்கம், அந்த இடத்தைப் பிடுங்கினால் அதுவும் போய்விடும் என்கிற பாதியை நான் யோசிக்கவில்லை.

மகளிடம் முழுக்கச் சொல்லவில்லை. அக்காவும் தம்பியும் ஒதுங்கிய கரையில் ஒரு பாட்டியைச் சேர்த்தேன். எங்கிருந்தோ கூட்டிவந்து இறக்கிவிடப்பட்டவர். "ஏன் அவங்க ஊருக்குப் போகல?" என்றாள். கப்பல் வரலை என்றேன். "யாரு அனுப்பணும்?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று மறுபடியும் தப்பித்திருக்கிறேன்.

4 ஜனவரி 2025, மாலை 5.20

அவர்கள் எழுத்தைக் காட்டினேன், அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே வடிவத்தைத் திருப்பித் திருப்பி வைத்தால் உயிர் மாறும். கூரை மாதிரி மேலே கூம்பினால் பி, வலப்பக்கம் கூம்பினால் பு, இடப்பக்கம் கூம்பினால் ப. கொம்பு, கால், சுழி எதுவும் கிடையாது. மூன்றே உயிர். "நமக்கு மட்டும் ஏம்ப்பா 247?" என்று கேட்கிறாள். இதற்குப் பதில் தெரிந்தவர்கள் தனி இழை தொடங்குங்கள்.

14 ஜனவரி 2025, காலை 9.10

கதை நேற்று ராத்திரி முடிந்தது. அப்பா நாய்வண்டியில் தேடிக்கொண்டு வருகிறார். பாட்டியையும் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று மகள் சொன்னதால் ஏற்றிவிட்டேன். பையன் எங்கே உட்கார்ந்தான் என்று கேட்டேன். அவன் நடந்து வரட்டும் என்றாள்.

கடைசிக் காட்சிக்கு இக்லூலிக் என்ற ஊரின் வழக்கத்தை எடுத்துக்கொண்டேன். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் அங்கே ஜனவரி நடுவில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். பிள்ளைகள் வீடு வீடாக ஓடி எல்லா விளக்குகளையும் அணைப்பார்களாம். அப்புறம் புதுத் திரி போட்டு, ஒரே நெருப்பிலிருந்து எல்லா விளக்குகளையும் ஏற்றுவார்கள். சூரியனை முதலில் பார்க்கும்போது பாதி முகத்தால் மட்டும் சிரிக்க வேண்டும். வெயில் வரப்போகிறது என்று ஒரு பாதி சிரிக்கும். குளிர் இன்னும் போகவில்லை என்று மறுபாதி உம்மென்று இருக்கும்.

இன்று காலை மொட்டை மாடியில் பொங்கல் வைத்தோம். பால் பொங்குகிற நேரத்தில் திரும்பிப் பார்க்கிறேன், இவள் சூரியனைப் பார்த்து வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கிறாள். அம்மா பதறிப்போய்க் கரண்டியைப் போட்டுவிட்டு, பிள்ளைக்கு வாதம் அடித்துவிட்டது என்று கத்த, பக்கத்து மாடிக்காரர்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.